இரும்பு விலைக்கு ஒரு பட்டறைக்கல்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் இண்டூர். ஒகேனக்கல் போகிறவர்கள் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்து போகிற ஊர். இந்தப் பக்கத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பழைய இரும்புக் கடை இருக்கும். உடைந்த சைக்கிள், ஓட்டை விழுந்த தகரம், தேய்ந்த மண்வெட்டி எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். எப்போதாவது அந்தக் குவியலில் ஒரு பட்டறைக்கல்லும் வந்து சேரும். கொல்லர் இரும்பைக் காய்ச்சி எதன் மேல் வைத்து அடிப்பாரோ, அந்தக் கனமான இரும்புக் கட்டி. கடைக்காரருக்கு அது இத்தனை கிலோ இரும்பு, அவ்வளவுதான். தராசில் ஏற்றி, எடைக்கு விலை போட்டு வாங்குவார், சிறிது இலாபம் வைத்து விற்பார். ஆள் கிடைக்காவிட்டால் உருக்காலைக்குப் போகிற லாரியில் ஏற்றிவிடுவார்.

பழைய கருவிகளைச் சேகரிக்கிறவர்கள் இதை "அடித்தது யோகம்" என்பார்கள். யோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் வாங்கியது என்ன, எந்தக் காலத்தது, எங்கே செய்தது, நம்மூருக்கு எப்படி வந்தது என்று தெரியாவிட்டால், கடைக்காரருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவர் எடை பார்த்து விற்றார், நாம் எடை பார்த்து வாங்கினோம். ஒரு பட்டறைக்கல்லைப் படிப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. படிக்கத் தொடங்கினால் அது தகடூர் நாட்டின் இரும்புக் கதையில் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம்.

பட்டறைக்கல், பட்டடை, அடைகல், உலைக்கல் என்று இதற்குத் தமிழில் பல பெயர்கள். இரண்டு பழைய இடங்களில் இது முக்கியமான உவமையாக வருகிறது. 821ஆவது குறளில் வள்ளுவர், மனதோடு ஒட்டாதவர்களின் நட்பைப் பட்டடைக்கு ஒப்பிடுகிறார். தாங்குவது போல இருக்கும், ஆனால் சமயம் பார்த்து நம்மை அடிக்க வசதி செய்து கொடுக்கும் என்பது பொருள். புறநானூற்றின் 170ஆவது பாட்டில் கதை தலைகீழ். அங்கே பிட்டங்கொற்றன் என்ற வீரனின் உறுதிக்கு உவமை உலைக்கல். கொல்லன் வேகமாக வீசும் சம்மட்டியை எதிர்த்து நிற்கும் கல்லைப் போன்றவன் அவன். ஒரே கருவி, ஒருவருக்குத் துரோகம், இன்னொருவருக்கு வீரம்! இரண்டு புலவர்களும் பட்டறையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் என்பது மட்டும் நிச்சயம்.

நம் மாவட்டத்துக்கே சொந்தமான பாட்டு ஒன்றும் உண்டு. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். உன் ஆயுதங்கள் மாலை சூட்டி, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன, எங்கள் தலைவனுடையவையோ போரில் நுனி முறிந்து கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. இது புறநானூறு 95. புகழ்வது போலப் பழித்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம். அதியமானின் பெருமைக்குச் சாட்சியாக ஔவை காட்டியது அரண்மனையையோ கோட்டையையோ அல்ல, ஒரு கொல்லன் பட்டறையை.

சரி, அந்தக் கொல்லர் எப்படிப்பட்ட பட்டறைக்கல்லை வைத்திருப்பார்? சினிமாவில் பார்க்கிற, ஒரு பக்கம் கொம்பு நீண்ட பெரிய கல்லா? இருக்க முடியாது. நம் கிராமத்துப் பழைய பட்டறைக்கல் ஒரு சதுரக் கட்டி. கொம்பும் கிடையாது, வாலும் கிடையாது. மரக்கட்டையில் பதித்து, அந்தக் கட்டையைத் தரையில் புதைத்திருப்பார்கள். மேல்முகம் மட்டும் சிறிது உயரத்தில் தெரியும். காரணம், நம் கொல்லர் உட்கார்ந்து வேலை செய்கிறவர். ஐரோப்பியக் கொல்லர் நின்று அடிப்பவர், அவருக்கு இடுப்பளவு உயரத்தில் கல் வேண்டும். கருவியின் வடிவம், அதைப் பயன்படுத்துகிறவர் எப்படி உட்காருகிறார் என்பதில் தொடங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அது உலை. நம் பழைய உலைகள் களிமண்ணால் கட்டியவை. கரியும் இரும்புத் தாதுவும் போட்டுத் துருத்தியால் ஊதுவார்கள். அந்தச் சூட்டில் இரும்பு உருகி ஓடாது. பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக, கசடு கலந்த கட்டியாகத் திரளும். அதைச் சூட்டோடு எடுத்து அடித்து அடித்துக் கசடை வெளியேற்ற வேண்டும். ஒரு முறை உலை வைத்தால் கிடைப்பது சில கிலோ. அரிவாளுக்கும் கொழுவுக்கும் வாளுக்கும் அது தாராளம். ஆனால் எண்பது கிலோவில் ஒரே கட்டி வேண்டுமென்றால், பல கட்டிகளைக் காய்ச்சி ஒன்றோடொன்று ஒட்டவைக்க வேண்டும். அதற்குப் பெரிய உலையும், கனமான பொருளைத் தூக்கித் திருப்பும் வசதியும், மனிதக் கைக்கு மேற்பட்ட பலத்தில் அடிக்கும் சம்மட்டியும் தேவை.

இதைத் திறமைக் குறைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், மயிலாடும்பாறை என்ற இடத்தில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலத்தை கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை கொண்டுபோனது. இந்தக் காலக் கணிப்புகளைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். சேலம் கஞ்சமலையின் காந்தத் தாதுவும், மூடிய மண்குகையில் உருக்கிய தென்னிந்திய எஃகும் உலகம் அறிந்தவை. இவ்வளவு பெயர் பெற்ற இரும்பு நாட்டில், இன்று பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பெரிய பட்டறைக்கல்லின் பக்கவாட்டில் இங்கிலாந்து ஊர்ப் பெயர் இருந்தால் அது விந்தைதானே?

இந்த விந்தைக்கு விடை 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது.

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த தலைமுறையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி சேலத்து இரும்பில் மனதைப் பறிகொடுத்தார். 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் பெரிய ஊதுலைகளை நிறுவி, சேலம் பகுதித் தாதுவைக் கொண்டு இரும்பு செய்தார். தாது நல்ல தாதுதான். ஆனால் அவர் நம்பியது மரக்கரியை. பெரிய உலைக்குக் காட்டையே தீனியாகப் போட வேண்டியிருந்தது. இங்கிலாந்திலோ நிலக்கரியில் மலிவாக இரும்பு செய்துகொண்டிருந்தார்கள். தொடர்ந்து நட்டம். 1851இல் ஹீத் இறந்தார். பிறகு வேறு கம்பெனி எடுத்து நடத்தியும் பயனில்லை, 1860களில் உற்பத்தி நின்றது. உள்ளூர் உலைகளும் மலிவான சீமை இரும்புப் பட்டைகளுக்கு முன்னால் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒவ்வொன்றாக அணைந்தன. இரும்பு எடுப்பவர்கள் மறைந்தார்கள். இரும்பு அடிப்பவர்கள் மட்டும் மிஞ்சினார்கள், அதுவும் வெளியூர் இரும்பை நம்பி.

அதே 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்கே போகும் ரயில்பாதை மொரப்பூர் வழியாகச் சேலத்தைத் தொட்டது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில்பாதை போட்டார்கள், 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், அந்தப் பாதை மூடப்பட்டது. ரயில்வே, பொதுப்பணித் துறை, தொழிற்பள்ளிகள் இவற்றின் பட்டறைகளுக்கெல்லாம் நின்று அடிக்கும் பெரிய பட்டறைக்கல் தேவைப்பட்டது. அவை கப்பலில் வந்தன. பின்னாளில் பழையது கழிக்கப்பட்டு ஏலத்துக்கு வந்தபோது, வண்டிப் பட்டை போடுகிறவர்களும் கிராமத்துப் பட்டறைக்காரர்களும் வாங்கிப் போனார்கள். சீமைக் கல் நம்மூர்ப் பட்டறைக்கு வரக்கூடிய வழி பெரும்பாலும் இதுதான்.

இனி அடையாளம் காணும் வேலை. நண்பர்கள் இதை வரிசையாகச் செய்து பார்க்கலாம்.

முதலில் துருவைச் சுரண்டாமல் பக்கவாட்டைப் பாருங்கள். பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும், எழுத்து தெரியும். அல்லது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கலாம். கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிற அதே யோசனைதான். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் இன்னும் நல்லது.

'பீட்டர் ரைட்', 'பேட்டண்ட்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது இங்கிலாந்தின் டட்லி நகரத்துத் தயாரிப்பு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியதல்ல. முழுக்கத் தேனிரும்பால் ஆனது என்பதற்கு வட்டத்துக்குள் சில சொற்களும் இருக்கும். 'மவுஸ் ஹோல்' என்றிருந்தால் ஷெஃபீல்டில் ஆற்று நீர் சுழற்றிய சக்கரத்தால் சம்மட்டி இயங்கிய பட்டறை. நம் களிமண் உலைக்காரர்களிடம் இல்லாதது இந்த நீர்ச்சக்கரச் சம்மட்டிதான். வில்லியம் ஃபாஸ்டர் என்ற பெயரோடு வருடமே குத்தியிருப்பதும் உண்டு. 'இங்கிலாந்து' என்ற நாட்டின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. நாட்டின் பெயர் தாங்கிய கல் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

மேல்நோக்கிய அம்புமுனை போன்ற குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசின் சொத்தாக இருந்திருக்கிறது என்று பொருள். 'எஸ்.ஐ.ஆர்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் தென்னிந்திய ரயில்வே. அது 1951இல் தெற்கு ரயில்வேயில் இணைந்துவிட்டது, ஆகவே குறி அதற்கு முந்தையது.

அடுத்தது மூன்று எண்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கல்லின் இடுப்பில் 1 - 2 - 14 என்று இருக்கிறது என்று வையுங்கள். பார்த்தவுடன் "1914 பிப்ரவரி 1, முதல் உலகப் போர் வருடம்!" என்று துள்ளத் தோன்றும். அது தேதி இல்லை, எடை. முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், அதாவது 112 பவுண்டு. இரண்டாவது அதில் கால் பங்கு, 28 பவுண்டு. மூன்றாவது வெறும் பவுண்டு. கணக்குப் போட்டால் 112 + 56 + 14 = 182 பவுண்டு, சுமார் 82 1/2 கிலோ. நடு எண் 3க்கு மேலும், கடைசி எண் 27க்கு மேலும் போகாது. போனால் அது இந்த முறை அல்ல. இதைச் சரிபார்க்கத் தனியாக எதுவும் வேண்டாம், கடைக்காரர் எப்படியும் தராசில் ஏற்றப்போகிறார்! தராசு சொல்வதும் எண் சொல்வதும் ஏறக்குறைய ஒத்துப்போனால் உங்கள் கல் ஆங்கிலேயக் கல் என்பது கிட்டத்தட்ட உறுதி. தேய்மானத்தில் சிறிது குறையலாம்.

எடை கிலோவில் குத்தியிருந்தால்? இந்தியாவில் மெட்ரிக் எடைச் சட்டம் 1956இல் வந்து, 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே கிலோ எண் உள்ள இந்தியக் கல் அதற்குப் பிந்தையதாக இருக்கும். ஸ்வீடன், ஜெர்மனி கல்லாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

மூன்றாவது ஓட்டைகள். மேல்முகத்தில் வால் பக்கம் ஒரு சதுர ஓட்டை இருக்கும், வெட்டுளி போன்றவற்றைச் செருகி நிறுத்துவதற்கு. பக்கத்தில் சிறிய வட்ட ஓட்டை, துளை போடும்போது ஊசி கீழே இறங்குவதற்கு. இந்த வட்ட ஓட்டை இல்லாத ஆங்கிலேயக் கல் பெரும்பாலும் 1830களுக்கு முந்தையது. இடுப்பிலும் அடியிலும் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அவை பழுது இல்லை. செய்யும்போது பழுக்கக் காய்ந்த கட்டியைத் தூக்கிப் பிடிக்கக் கம்பி செருகிய இடங்கள்.

நான்காவது சத்தம். சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். தேனிரும்பு உடலும் எஃகு முகமும் உள்ள நல்ல கல் கோயில் மணி போலப் பாடும். 'டப்' என்று அடங்கினால் வார்ப்பிரும்பாக இருக்கலாம், அல்லது மேல் தகடு விரிசல் விட்டிருக்கலாம். வார்ப்பு உடலில் எஃகு முகம் வைத்த நல்ல கற்களும் பாடாது என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஒரு பேரிங் குண்டை ஓர் அடி உயரத்திலிருந்து மேல்முகத்தில் விடுங்கள். முக்கால் பங்கு உயரத்துக்கு மேல் துள்ளி வந்தால் முகம் கெட்டியாக இருக்கிறது. பாதிகூட வராவிட்டால் மென்மையானது, அல்லது தீ விபத்தில் சூடேறிப் பதம் போனது.

ஒரு எச்சரிக்கை. பளபளப்பாக்குகிறேன் என்று மேல்முகத்தைக் கிரைண்டர் வைத்து ராவ வேண்டாம். எஃகுத் தகடு அரை அங்குலம் அளவுக்குத்தான் இருக்கும். நூறு வருட அடியைத் தாங்கியதை நாம் ஒரு மணி நேரத்தில் கெடுத்துவிடுவோம்.

கொம்பு வைத்த கல்லே எல்லோருக்கும் கிடைக்காது. நம்மூர்ப் பட்டறைகளில் சாதாரணமாகப் பார்க்கக் கிடைப்பது தண்டவாளத் துண்டு. அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். தண்டவாளத்தின் நடுப்பகுதியில் தயாரித்த ஆலையின் பெயர், வருடம் முதலியவை உருட்டும்போதே புடைப்பாகப் பதிந்திருக்கும். டாடாவின் ஜாம்ஷெட்பூர் ஆலையில் எஃகு உற்பத்தி 1912இல் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம் தெரிந்தால் வெளிநாட்டுத் தண்டவாளம் என்று யூகிக்கலாம். ஆனால் ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ஆகவே வாங்கும் முன் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது விலைக்கு வருவோம். பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாம் கணக்குப் போட்ட 182 பவுண்டு கல் 2,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதே கல்லை அமெரிக்காவில் பவுண்டுக்குச் சில டாலர் என்று விற்கிறார்கள். அப்படியானால் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிச் சம்பாதிக்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள கைத்தொழில் பொருளும் தொல்பொருள் ஆகலாம், தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. நிலத்தைத் தோண்டும்போது பழைய பொருள் கிடைத்தால் அது வேறு வகை. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

சட்டத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் கல் ஏன் மலிவாகக் கிடைக்கிறது? ஒரு பட்டறை மூடியதால்தான். ஏர் போய் டிராக்டர் வந்தது, கொழு அடிக்க ஆள் வரவில்லை. கட்டை வண்டி போனது, பட்டை போட வேலை இல்லை. ஆலையில் செய்த அரிவாள் சந்தையில் தொங்குகிறது. முன்பு அறுவடைக் களத்திலேயே தானியம் அளந்து கொல்லருக்குக் கொடுத்தார்கள், அந்த வழக்கமும் போனது. அப்பா உட்கார்ந்து அடித்த கல்லை மகன் கடைக்குக் கொண்டுவருகிறார். நாம் "அதிர்ஷ்டம்" என்று சொல்கிற விலைக்குப் பின்னால் அந்த வீட்டின் கதை இருக்கிறது. நேரடியாக ஆசாரி வீட்டிலிருந்தே வாங்கினால், இரும்பு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். அது கருவி, கருவிக்குரிய விலையைக் கொடுங்கள்.

விலையோடு இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும், அதுதான் வரலாறு. யார் பட்டறையில் இருந்தது, அவர்களுக்கு எங்கிருந்து வந்தது, அதில் என்னென்ன அடித்தார்கள் என்று கேட்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். டட்லியில் செய்தது என்பதைக் கல்லே சொல்லிவிடும். இண்டூர்ப் பக்கத்தில் இத்தனை வருடம் யாருக்காக உழைத்தது என்பதைக் கல் சொல்லாது, மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு முன் அனுபவம் இருக்கிறது. வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் கேட்பாரற்றுக் கிடந்த கற்களை 1970களில் தொல்லியல் துறையினர் தேடிப் போய்ப் படித்தார்கள். அவை நடுகற்கள் என்று தெரிந்தது. இன்று தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் போய்ப் பார்க்கலாம். வாளும் வில்லும் ஏந்திய வீரர்கள் அதில் இருக்கிறார்கள். அந்த வாளை அடித்துக் கொடுத்தவருக்கு அதில் இடமில்லை. அவருடைய நடுகல் என்று ஏதாவது உண்டென்றால் அது அவருடைய பட்டறைக்கல்தான். நடுகல்லையாவது யாரும் உருக்க முடியாது. பட்டறைக்கல் லாரியில் ஏறினால் அடுத்த வாரம் கட்டிடக் கம்பியாகிவிடும்.

அதனால் அடுத்த முறை பழைய இரும்புக் கடையைக் கடக்கும்போது இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். வாங்கப் பணம் இல்லையென்றாலும் பரவாயில்லை. சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ் இருந்தால் போதும். பெயரையும் மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, "இது எந்த ஊரிலிருந்து வந்ததுங்கண்ணா?" என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். லாரி வருவதற்குள் அவ்வளவாவது செய்துவிடலாம்.